ஹா லாங் கப்பலின் சமையலறைத் தம்பிக்கு நன்றி

வியட்நாமின் ஹா லாங் விரிகுடாவில் ஓரிரவு தங்கும் கப்பலில் குழுவாகப் போய்வந்தோம். அங்கே சமையலறையில் இருந்த ஒரு தம்பிக்குத்தான் இந்த நன்றி. பேர் தெரியாது.

அம்மா சுத்த சைவம். அந்த ஊர்ச் சமையலில் மீன் சாஸ் நம் உப்பு மாதிரி. கீரை வதக்கலில்கூட ஒரு கரண்டி விழும். முன்பதிவில் சைவம் என்று சொல்லியிருந்தும் மதியத் தட்டில் இறால் வந்தது. அம்மா வெறும் சோறு, தர்பூசணியோடு எழுந்துவிட்டார்.

இதைக் கவனித்த தம்பி, இரவு அம்மாவைச் சமையலறை வாசலுக்கே கூட்டிப்போனார். கழுவிய வாணலியைச் சாய்த்துக் காட்டினார். மீன் சாஸ் பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினார். பூண்டு, சோயா சாஸ் போட்டு டோஃபுவும் வள்ளைக்கீரையும் வதக்கித் தந்தார். எல்லாம் கைஜாடைதான். அம்மா மறுசோறு வாங்கினார்!

மறுநாள் டிடோப் தீவு. சோவியத் விண்வெளி வீரர் டிடோவின் பெயரை ஹோ சி மின் வைத்த இடம். உச்சிக்கு 400 படிக்கு மேல். ஏறினால் விரிகுடா முழுக்கச் சுண்ணாம்புக்கல் தீவுகள். 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததில் ஆச்சரியமே இல்லை. சரி, அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

டிப்ஸ் பெட்டி எல்லோருக்கும் பொது என்பதால் தம்பிக்கென்று தனியாக எதுவும் போயிருக்காது. அதனால்தான் இந்தப் பதிவு. அம்மா தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்.