மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவியிலேயே வாடகை வீடு கொடுங்கள்

மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதித் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

மும்பையின் தாராவி குடிசைப் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முந்தைய தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் இருக்கும் எங்களுக்கு, 2022 நவம்பர் 15-க்குள் குடிவந்ததைக் காட்டினால், வெளியே எங்கோ 300 சதுர அடி வாடகை வீடு. தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். பழைய திட்டங்களில் மாடிவாசிகளின் பேச்சே கிடையாது. இப்போதாவது கணக்கில் எடுத்தீர்களே, அதற்கு நன்றி. ஆனால் வெளியே அனுப்புவது எங்கள் பிழைப்பில் கைவைப்பது.

எங்கள் சந்தில் கீழே கடை, மேலே ஒற்றை அறையில் ஓர் இட்லி வியாபாரி குடும்பம். ஏறி இறங்கச் செங்குத்தான இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு. விடிவதற்குள் இட்லி வெந்தாக வேண்டும். அந்த அம்மா ஈரத்துணியிலிருந்து எடுத்து எடுத்துப் பாத்திரத்தில் அடுக்க, அண்ணன் அதைத் தோளில் வைத்து ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி இறங்குவார். அப்புறம் சைக்கிள் கேரியரில் கட்டி, சாம்பார்த் தூக்கை மாட்டி, மாட்டுங்கா, மாஹிம் பக்கம் கிளம்புவார். ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் கிளம்புவதற்குள் விற்றால்தான் உண்டு.

வாடகை வீடுகளுக்கென்று நீங்கள் பார்த்திருப்பது மும்பையின் கிழக்குப் புறநகர்ப் பகுதிகளான முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பள நிலம், சுமார் 256 ஏக்கர். அங்கிருந்து அவர் சைக்கிளையும் சூடான இட்லியையும் லோக்கல் ரயிலில் ஏற்றிக்கொண்டா வருவார்? முறுக்கு சுற்றுகிறவர்கள், தோல் பை தைக்கிறவர்கள், சயானிலும் மாட்டுங்காவிலும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், எல்லாருக்கும் இதே கதிதான். சரி, நாங்களாகவே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் டெபாசிட், தரகருக்கு ஒரு மாத வாடகை, 11 மாதம் முடிந்ததும் மறுபடி அதே அலைச்சல். கறி, மீன் சமைப்பீர்களா என்ற கேள்வி தனி.

தாராவியில் எழுப்பும் கட்டடங்களிலேயே ஒரு பகுதியை அரசு வாடகைக் குடியிருப்பாக ஒதுக்குங்கள். இடம் போதவில்லை என்றால் 300 சதுர அடியைக் குறைத்துக்கொள்ளுங்கள், சம்மதம். வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போதும். மாத வாடகை, லிப்ட், தண்ணீர், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் எவ்வளவு என்று கையெழுத்து வாங்கும் முன்பே தமிழிலும் எழுதிக் காட்டுங்கள்.

அடுத்தது, குடியிருப்பதைக் காட்டக் கணக்கெடுப்பில் நீங்கள் கேட்கும் காகிதம். ஏணி அறைக்கு ஒப்பந்தம் எழுதித் தருகிறவர் அபூர்வம். மின் மீட்டர் கீழ்வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ரசீது கொடுத்தால் நாளைக்கு உரிமை கேட்போமோ என்று அவருக்கும் பயம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை எழுதிப் பதிவுசெய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு என்கிறது. அது இல்லாதபோது, மாறாக நிரூபிக்கப்படாதவரை, நிபந்தனைகளைப் பற்றி வாடகைக்காரர் சொல்வதே செல்லும் என்றும் சொல்கிறது. இந்த மாநிலத்தின் சட்டம் அது. அதே நியாயத்தைக் கணக்கெடுப்பிலும் வையுங்கள். பிள்ளையின் பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலம் இவற்றை ஏற்றுக்கொண்டு பெயரைச் சேருங்கள். விடுபட்டவர்கள் முறையிட, வேலை முடிந்து வரும் இரவு நேரத்திலும் தாராவியின் 90 அடி சாலையில் ஒரு முகாம் போடுங்கள்.

இப்படிக்கு,
தாராவியில் மாடியறையில் வாடகைக்கு இருக்கும் ஒருவர்