செயலாளரின் ஆண்டறிக்கை: சர்க்கஸ் சொற்களோடு ஒரு வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, நம் எழுத்தாளர் சங்கத்தின் இந்த ஆண்டுப் பயிற்சிக்குச் சர்க்கஸ், கேளிக்கைத் திடல் சொற்களை எடுத்துக்கொண்டோம். மாதம் ஒரு சொல். அதைப் பிடித்துக் கதையோ கவிதையோ. முதலில் வந்தவற்றில் பாதிக்கு மேல் 'வாழ்க்கையே ஒரு சர்க்கஸ்'. மீதியில், உள்ளுக்குள் அழும் கோமாளி. படித்து அலுத்துப்போன செயற்குழு ஒரு விதி போட்டது: சொல்லை உவமையாக்கக் கூடாது, கூடாரத்துக்குள் அந்தப் பொருளுக்கு என்ன வேலையோ அதிலிருந்துதான் எழுத வேண்டும். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் எழுத்து மாறியது அதற்குப் பிறகுதான்.

'வளையம்', அதாவது வித்தை நடக்கும் வட்டக் களம், என்ற சொல்லுக்காகக் கொஞ்சம் படித்தோம். 1768இல் லண்டனில் குதிரை வித்தை காட்டத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லி வட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நிற்பது எளிது. சர்க்கஸ் வளையத்தின் வழக்கமான விட்டம் இன்றும் 42 அடிதான். வளையத்துக்கே பழகிய குதிரை விற்கப்பட்டு நேர்சாலையில் ஓட நேர்வதை ஓர் உறுப்பினர் கதையாக்கினார்.

என்னைக் கேட்டால், ஆண்டின் சிறந்த மாதம் 'பார் விளையாட்டு', உயரத்தில் தொங்கும் கம்பிகளில் ஊஞ்சலாடித் தாவும் வித்தை. தாவி வருகிறவர் எதையும் பிடிக்க முயலக் கூடாதாம். கைகளை நீட்டினால் போதும், பிடிப்பது தலைகீழாகத் தொங்குகிறவரின் பொறுப்பு. இந்த இருவரும் தரையில் பேசிக்கொள்வதில்லை என்று ஒரே ஒரு வரி சேர்த்தார் ஓர் இளம் உறுப்பினர். அப்புறம் கதை தானாக நகர்ந்தது.

'பேண்டு' உரையாடல் பயிற்சியாக மாறியது. அமெரிக்க சர்க்கஸ்களில் ஆபத்து நேர்ந்தால் இசைக்குழு ஒரு குறிப்பிட்ட அணிவகுப்பு இசையை வாசிப்பது வழக்கமாக இருந்தது. ஊழியர்களுக்கு அது எச்சரிக்கை, கூட்டத்துக்கு வெறும் இசை. 1944இல் அங்கே ஹார்ட்ஃபோர்ட் நகரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தபோதும் அதை வாசித்தார்கள். ஒருவருக்கு மட்டும் அபாயம் கேட்கும்படி ஒரு குடும்பப் பேச்சை எழுதச் சொன்னோம். சிலருடையது உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்தது.

கிணற்றுச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் 'மரணக் கிணறு' சுமார். வேகம் குறைந்தால் விழுந்துவிடுவோம் என்பதைத் தாண்டி யாரும் போகவில்லை. 'ராட்டினம்' முழுக்கச் சிறுவயது ஏக்கம். 'கோமாளி'யை ஆண்டு இறுதியில் மறுபடி கொடுத்தோம், கண்ணீருக்குத் தடையோடு. கூண்டும் வலையும் மாட்டி முடியும்வரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பது அவன் தொழில். ஆட்கள் வலையைக் கட்டி முடிக்கவில்லை, கையிருப்புச் சிரிப்பு தீர்ந்துவிட்டது என்று வந்த கதை ஆண்டு மலரில் முதலில் இடம்பெறும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மலருக்குப் படைப்பு தராதவர்கள் இம்மாதத்துக்குள் தந்துவிடவும். மெய்ப்புத் திருத்த இன்னும் இருவர் தேவை. அடுத்த ஆண்டுக்கு 'ரயில் நிலையச் சொற்கள்' என்று செயற்குழு முன்மொழிகிறது, உவமைத் தடை தொடரும். மறுப்பவர்கள் விவாதத்தில் பேசலாம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்