யிட்னேகாச்சு தெசெமாவுக்கு: கார்ட்டூமில் நடக்காமல் போன ஆட்டம்

அன்புள்ள யிட்னேகாச்சு ஐயா,

எத்தியோப்பியாவின் சார்பில் ஆப்பிரிக்கக் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் நீங்கள். பிப்ரவரி 10 வந்துவிட்டால் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பையின் பிறந்தநாள் என்று எல்லோரும் சூடானின் கார்ட்டூமில் நடந்த 1957 அரையிறுதியைப் பேசுகிறார்கள். எகிப்து 2, சூடான் 1. எனக்கோ, நடக்காமல் போன இன்னோர் அரையிறுதிதான் மனசை விட்டுப் போக மறுக்கிறது. எத்தியோப்பியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதியிருக்க வேண்டிய ஆட்டம்.

வெள்ளையர் அணி, இல்லையென்றால் கறுப்பர் அணி, கலந்து அனுப்ப மாட்டோம் என்றார்கள் தென்னாப்பிரிக்கர்கள். எகிப்து, சூடான், எத்தியோப்பியா என நீங்கள் மூன்று நாட்டாரும் மசியவில்லை. சங்கம் அப்போதுதான் பிறந்திருந்தது. இருந்ததே நான்கு நாடு, அதில் ஒன்றை வெளியே நிறுத்தினீர்கள். அதே நாட்டை உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா முழுசாக வெளியேற்ற 1976 ஆனது!

சரி, அதற்காக உங்கள் எத்தியோப்பியப் பையன்களை அப்படியா இறக்குவது? ஓர் ஆட்டம்கூட ஆடாமல் நேரே இறுதிக்கு. எதிரே, ஆறு நாள் முன்பு அதே மைதானத்தில் ஆடிப் பழகிய எகிப்து. அவர்களின் அத்-தீபா ஒருவரே நான்கு கோல், 4-0. மூன்று அணிதான் மிச்சம் என்றால், எல்லோரும் எல்லோருடனும் மோதும் லீக் வைத்திருக்கலாமே. மூன்றே ஆட்டம், ஆளுக்கு இரண்டு. 1959 கெய்ரோவில் அப்படித்தானே நடத்தினீர்கள்?

கேட்டதற்கு மன்னியுங்கள். அந்த லீகிலும் எகிப்திடம் அதே 0-4தான். தவிர, 1957இல் அட்டவணையை மாற்றி எழுதியிருந்தால் தென்னாப்பிரிக்கா வராததே கண்ணில் பட்டிருக்காது. இன்றைக்கும் முடிவுகளைப் பார்க்கிற சின்னப் பையன், எத்தியோப்பியாவுக்கு அரையிறுதி எங்கே என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்காகவே அது அப்படியே இருக்கட்டும்.

தென்னாப்பிரிக்கா கோப்பையை வென்ற 1996 ஜோகன்னஸ்பர்க் இறுதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. துனிசியாவுக்கு எதிராக மாற்று ஆளாக இறங்கிய மார்க் வில்லியம்ஸ் அடுத்தடுத்து இரண்டு கோல். கோப்பையைத் தூக்கியவர் அணித்தலைவர் நீல் டோவி. நீங்கள் அன்று கேட்ட அதே கலந்த அணி. நீங்கள் காலமாகி எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இனி எழுதுவதை அளந்துதான் எழுத வேண்டும். உங்களைத் தகப்பனாக நினைக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள். வெளிநாட்டில் ஆடுகிறவர்களில் அணிக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று 1965இல் உங்கள் சங்கம் ஒரு விதி போட்டது. உள்ளூர் ஆட்டக்காரர்களை வளர்க்க வேண்டும், புரிகிறது. ஆனால் பிழைப்புக்காக பிரான்ஸ் போனவன் என்ன பாவம் செய்தான்? நிறத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்காதே என்று மல்லுக்கு நின்ற உங்களுக்கு, இருக்கிற ஊரைப் பார்த்துப் பிரிப்பது உறுத்தவில்லையா? 1982இல் எடுத்த அந்த விதியை, நீங்கள் சங்கத்தின் தலைவரான 1972லேயே எடுத்திருக்கலாமே.