செயலாளரின் ஆண்டறிக்கை: "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?"

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்கத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நாம் எடுத்த தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். இலக்கியம், வரலாறு, தத்துவம், மொழி, இசை, நாடகம், ஓவியம் இவற்றால் ஒரு நாட்டுக்கு என்ன பயன் என்ற ஒரே கேள்வியை ஆண்டு முழுவதும் பேசுவது என்று முடிவு செய்தோம். திட்டமிட்ட 12 கூட்டங்களில் 11 நடந்தன. மழையால் நின்றுபோன நாடக வாசிப்பை வரும் ஆண்டின் முதல் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் கருத்து. உறுப்பினர் எண்ணிக்கை 64-லிருந்து 71 ஆகியிருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

இந்தக் கேள்வியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் உறுப்பினர் ஒருவர் வேலை பார்க்கும் கல்லூரியில் வரலாற்றுப் பட்டப்படிப்பை நிறுத்திவிட்டார்கள். சேர ஆள் இல்லை என்றார்கள். ஆனால் விண்ணப்பம் கேட்டு வந்த பிள்ளைகளை, "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டே திருப்பி அனுப்பியதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. சங்கத்தின் சார்பில் கடிதம் எழுதினோம். இரண்டு வரியில் பதில் வந்தது. படிப்பு திரும்ப வரவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்க வேண்டும் அல்லவா? ஆண்டு முழுவதும் தேடியது அதைத்தான்.

மூன்றாவது கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்திலுள்ள பழைய பௌத்தச் சின்னமான சாஞ்சி தூபியின் கற்களில், பிராமி என்ற பண்டை எழுத்தில் உள்ள சிறு சிறு வரிகளைப் பெரிதாக்கிப் படியெடுத்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தோம். யாருக்கும் ஓர் எழுத்தும் தெரியாது. தரையில் உட்கார்ந்து பென்சிலால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, "எல்லா வரியும் ஒரே மாதிரி முடியுது" என்றாள். எல்லோரும் அவள் தாளை எட்டிப் பார்த்தோம். ஒரு படுக்கைக் கோட்டின் மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி. அதற்கு முன்னால் எப்போதும் அதே வளைந்த எழுத்து.

1837-ல் கல்கத்தா நாணயச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப்பும் இதைத்தான் கவனித்தார். அன்று இந்த எழுத்தை யாராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. வரிகள் குட்டையாக இருக்கின்றன, எல்லாம் ஒரே சொல்லில் முடிகின்றன. அப்படியானால் இவை தூபிக்குக் கொடை கொடுத்தவர்களின் பெயர்களாக இருக்க வேண்டும், கடைசிச் சொல் "தானம்" ஆக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஊகம் சரியாகவே இருந்தது. அந்தச் சில எழுத்துகள் கிடைத்ததும் மற்றவை சீக்கிரமே பிடிபட்டன. தூண்களிலும் பாறைகளிலும் "தேவர்களுக்குப் பிரியமான பியதசி" என்று ஓர் அரசன் பேசுவது கேட்டது. இலங்கையில் பாலி மொழிப் பௌத்த நூல்களைப் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் டர்னர், அந்தப் பியதசிதான் அசோகன் என்று கண்டு சொன்னார். பிரின்செப் 1840-ல், 40 வயதில் இறந்துபோனார்.

அவர் காலத்தில் இந்த வேலைக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் யார் பதில் சொல்லியிருக்க முடியும்? 1905-ல் சாரநாத் அகழாய்வில் அசோகன் தூண் ஒன்றின் சிங்கத் தலை கிடைத்தது. 1947-ல் அசோகச் சக்கரம் இந்தியக் கொடியில் ஏறியது. 1950 ஜனவரி 26-ல் சிங்கங்கள் இந்தியக் குடியரசின் சின்னமாயின. பிரின்செப் எழுத்தைப் படித்து அப்போது 113 ஆண்டுகள் ஆகியிருந்தன. படித்திருக்காவிட்டால் அந்தத் தலை ஓர் அழகிய கல்லாகக் கிடந்திருக்கும். போரை எண்ணி வருந்திக் கல்லில் எழுதிய அரசனின் அடையாளம் அது என்று சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டார்கள். இந்தத் துறைகளின் பயன் தாமதமாகத்தான் வருகிறது, கேட்டவர்கள் போன பிறகு வருகிறது. இந்த ஆண்டு நான் கற்றுக்கொண்டது இது.

ஐஸ்லாந்தைப் பற்றிய கூட்டத்தில் இன்னொரு சான்று கிடைத்தது. அந்நாட்டின் பழைய தோல் ஏடுகளை ஆர்னி மக்னூசன் என்ற அறிஞர் தேடித் தேடிச் சேர்த்து, டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் வைத்திருந்தார். 1728-ல் அந்நகர் எரிந்தபோது அவருடைய அச்சு நூல்கள் பெரும்பாலும் போயின, ஏடுகள் பெரும்பாலும் பிழைத்தன. பின்னாளில் ஐஸ்லாந்து டென்மார்க்கிடமிருந்து பிரிந்து தனிநாடானதும் ஏடுகளைத் திருப்பிக் கேட்டது. டென்மார்க்கில் பல ஆண்டுகள் வழக்கும் வாதமும் நடந்தன. 1971 ஏப்ரல் 21 அன்று இரண்டு பழம்பெரும் ஏடுகளை டென்மார்க் கடற்படைக் கப்பல் ஒன்று ரெய்க்யவிக் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. கடைகளையும் பள்ளிகளையும் மூடிவிட்டு மக்கள் திரண்டு நின்றார்கள். அரசரோ படைத்தலைவரோ வரவில்லை, வந்தவை ஏடுகள். இதைக் கேட்டபோது எனக்கு 1981-ல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் நூலகம்தான் நினைவுக்கு வந்தது. சுமார் 97,000 நூல்கள். திரும்பி வருவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அன்று கூட்டம் முடிந்தும் யாரும் உடனே எழுந்து போகவில்லை.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் போர்க்கால இசை பற்றியும் பேசினோம். ஓவியங்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பிவிட்டு வெறுமையாக நின்ற கூடத்தில், 1939 அக்டோபரிலிருந்து வேலைநாள்தோறும் மதிய இடைவேளையில் கச்சேரி. பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் தொடங்கிய இது 1946 வரை நடந்தது. மொத்தம் 1,698 கச்சேரிகள். குண்டு விழுந்த நாட்களில் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டார்களே தவிர நிறுத்தவில்லை.

எதிர்க்கேள்வியும் வந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஏழாம் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இசையும் தத்துவமும் ஜெர்மனியில் இல்லாமலா இருந்தது? அப்புறம் ஏன் அப்படி ஆனது?" என்று கேட்டார். 1933 மே 10 அன்று பெர்லினில் புத்தகங்களை நெருப்பில் எறிந்தவர்களில் பல்கலைக்கழக மாணவர்கள் இருந்தார்கள் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலிலேயே யூதப் பேராசிரியர்களைப் பதவியிலிருந்து விரட்டச் சட்டம் வந்துவிட்டது, சிந்திப்பவர்களை ஹிட்லரின் அரசு முதலிலேயே குறிவைத்தது என்று ஒருவர் பதில் சொன்னார். அது உண்மை. ஆனால் மீதிப் பேராசிரியர்களில் பலர் அங்கேயே இருந்து பாடம் நடத்தினார்கள் என்பதும் உண்மை. கலை தெரிந்தவர் நல்லவராகத்தான் இருப்பார் என்று நாம் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லிக்கொண்டு ஆதரவு கேட்டால் அது நிற்காது. மூத்தவரின் கேள்விக்கு முழுப் பதில் எங்களிடம் இல்லை. அதை வரும் ஆண்டுக்கும் எடுத்துச் செல்கிறோம்.

ஒரு சொல் நாடுகளின் சட்டத்துக்குள் எப்படிப் போகிறது என்பதை ஒன்பதாம் கூட்டத்தில் பார்த்தோம். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, வரைவில் எல்லா "ஆண்களும்" சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்றும் படிக்கக்கூடிய "men" என்ற ஆங்கிலச் சொல்லோடு இருந்தது. அந்தச் சொல் மனிதர் எல்லோரையும்தான் குறிக்கும் என்றார்கள் சிலர். இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா விடவில்லை. "மனிதர் அனைவரும்" என்று மாற்ற வைத்தார். 1948 டிசம்பர் 10-ல் அந்த வடிவத்தில்தான் அது நிறைவேறியது. ஒரு சொல் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்ப்பது மொழிப் பாடத்தில் பழகும் பழக்கம்.

ஓவியம் பற்றிய இரண்டு கூட்டங்களுக்கும் வருகை குறைவு. படங்களைச் சரியாகக் காட்ட வசதி செய்யாமல் பேச்சை மட்டும் வைத்ததே காரணம் என்று நினைக்கிறேன். வரும் ஆண்டு இதைச் சரிசெய்வோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இவை. நாடக வாசிப்பு நடக்கும். உறுப்பினர்களின் வீடுகளிலுள்ள பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படியெடுத்து வைக்க மூவர் குழு அமைக்கப்படும். படித்துப் புரியாதவற்றையும் ஒதுக்காமல் சேர்க்க வேண்டும். எது யாருக்கு எப்போது வேண்டியிருக்கும் என்று நாம் முடிவு செய்ய முடியாது. பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் வரலாறு, இலக்கியம் படித்தவர்களோடு உட்கார்ந்து பேச இரண்டு மாலைகள் ஒதுக்கப்படும். கல்லூரிக்கு இரண்டாவது கடிதமும் தயார். அதில் உங்கள் கையெழுத்து வேண்டும். தாள் வாசலில் இருக்கிறது.

கூட்டங்களுக்கு இடம் தந்தவர்களுக்கும், படிகள் எடுத்துத் தந்த இளைஞர்களுக்கும், சாஞ்சித் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் அந்தச் சிறுமிக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்