கணவாய் ஏறப் போகும் பாப்பாவுக்கு

சின்னப்பாலம், பாம்பன்
ஆடி மாதம்

அன்புள்ள பாப்பா,

காஷ்மீர் மலையில் நடக்கப் போகிற நாள்வாரிப் பட்டியலை நீ அனுப்பியதிலிருந்து உன் அப்பா மூன்று விதமாகப் பேசிவிட்டார். முதலில் வேண்டாம் என்றார். அப்புறம் ஆபீஸ் பிள்ளைகளோடுதானே என்றார். இப்போது தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "எங்க பாப்பா பதிமூவாயிரம் அடி ஏறப் போகுது" என்கிறார். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. ஆனால் போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டாளத்துப் பெரியப்பாவிடம் உன் பட்டியலைக் காட்டினேன். சோனமார்க், நிச்னை எல்லாவற்றையும் தாண்டி, விஷன்சர் ஏரியிலிருந்து கட்சர் கணவாய்க்குப் போகிற நாளில்தான் விரலை வைத்தார். ஏரிக்கரையே சுமார் 12,000 அடியாம். கணவாய் 13,700 பக்கம். "ஆயிரத்து எழுநூறு அடிதானே ஏறணும்" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். கந்தமாதன பர்வதத்தைத் தீவிலேயே உயரமான இடம் என்று சொல்லிக்கொண்டு, ராமர் பாதம் பார்க்கப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆட்கள் நாம். சிரிக்கத்தான் செய்வார்.

அவர் சொன்ன கணக்கு இது. அந்தக் கணவாயில் ஒரு தடவை மூச்சு இழுத்தால், நம் கடற்கரையில் கிடைக்கிற பிராணவாயுவில் அறுபது சதவீதம் அளவுக்குத்தான் கிடைக்கும். பட்டாளத்தில் 9,000 அடிக்கு மேல் அனுப்பும்போது முதலில் ஆறு நாள் உடம்பைப் பழக்குவார்களாம். 12,000 அடிக்கு மேல் போக இன்னும் நாலு நாள். மலை ஏறுவதையே வேலையாக வைத்திருக்கிறவனுக்குப் பத்து நாள்; சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு மூன்றோ நாலோ நாள்! யார் போட்ட திட்டமோ தெரியவில்லை. விஷன்சரில் ஒரு நாள் சும்மா தங்க வழியிருந்தால் தங்குங்கள். இன்னொரு நாள் லீவு கேட்பதற்கு யோசிக்காதே.

இனி நான் சொல்கிறது. கடல்பாசி எடுக்க முங்குகிற எங்களுக்கு மூச்சைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், கஞ்சிப்பாசி கொத்தாகக் கைக்கு வருகிற நேரம் பார்த்துத்தான் நெஞ்சு முட்டும். இன்னும் ஒரு கை பிடுங்கிவிடலாமே என்று இருக்கும். அந்த ஒரு கைக்கு ஆசைப்படுகிறவள் மேலே வந்து, இருமிக்கொண்டு, வள்ளத்தைப் பிடித்தபடி கிடப்பாள். அப்புறம் வெகுநேரம் அவளுக்கு வேலை ஓடாது. மூச்சு மிச்சமிருக்கும்போதே எழும்புகிறவள்தான் கடைசிவரை முங்குவாள். உன் சின்னம்மாவைப் பார்த்திருக்கிறாயே, அவசரமே பட மாட்டாள். கரைக்கு வரும்போது அவள் பைதான் கனமாக இருக்கும்.

நீ மலையில் மூச்சை அடக்க வேண்டியதில்லை, அதுதான் வித்தியாசம். நடந்துகொண்டே பக்கத்தில் வருகிற பிள்ளையிடம் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிகிறதா என்று பார். பாதியில் நின்றால் நடை வேகம் என்று அர்த்தம். உடனே அடியைச் சின்னதாக்கு. மேலே இருக்கிற கிஷன்சர் ஏரிவரை அவ்வளவு கஷ்டமில்லையாம். அதைத் தாண்டினால் சரிவு நெட்டுக்குத்தாக நிற்கும், பாதை வளைந்து வளைந்து போகும். ஆரம்பத்தில் முன்னால் ஓடுகிற பையன்கள் அந்த வளைவுகளில் உட்கார்ந்திருப்பார்கள். உட்காரட்டும், நீ உன் பாட்டுக்குப் போ.

காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி மழை பிடித்துக்கொள்வது அங்கே சகஜமாம். சுமை தூக்குகிற குதிரைகளும் அதே பாதையில்தான் வருமாம். குதிரை வந்தால் மலைச் சுவரோடு ஒட்டி நில், பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதே. இதைப் பெரியப்பா இரண்டு தடவை சொன்னார்.

தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமல் போவது, இதில் எது வந்தாலும் வழிகாட்டியிடம் மறைக்காதே. அதோடு மேலே ஏறவும் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு திணறினாலோ, ராத்திரி ஆனாலும் கீழே இறங்கிவிட வேண்டும். வேறு யாருக்காவது வந்தாலும் அப்படித்தான். மலை உயரத்தில் வருகிற கோளாறுக்குப் போடுகிற டயமாக்ஸ் மாத்திரையை யாரோ தருகிறார்கள் என்று வாங்கிப் போடாதே. போவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துக் கேள்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் கட்சர் ஏரிக்கு இறங்குவதும் சரிவுதான். பாதம் முன்னால் சறுக்கி, விரல் நுனி ஷூவில் இடித்து நகம் கறுத்துப்போகும். கிளம்புமுன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், இறக்கத்தில் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டு. புது ஷூவை அங்கே போய்த்தான் பிரிப்பேன் என்று இருக்காதே. இப்போதிருந்தே பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பித் தூக்கிக்கொண்டு உங்கள் மாடிப்படியில் ஏறி இறங்கு. லிஃப்டை மறந்துவிடு.

கருவாட்டுத் தொக்கு கேட்டிருந்தாய். அனுப்புகிறேன், ஆனால் கூடாரத்தில் கூட இருக்கிறவர்களைக் கேட்டுவிட்டு டப்பாவைத் திற. பருப்புப் பொடியும் வைக்கிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறு ஒழுங்காக வேகாதாம். விறைச் சோற்றுக்கு அது ஆகும். பசி இல்லாவிட்டாலும் சாப்பிடு, தண்ணீர் குடித்துக்கொண்டே இரு. முகத்துக்குப் பூசுகிற கிரீமையும் கறுப்புக் கண்ணாடியையும் விட்டுவிடாதே. நாம்தான் வெயிலில் பிறந்தவர்களாச்சே என்று நினைப்பாய். அந்த வெயில் நம் வெயிலை விடச் சுள்ளென்று இருக்குமாம்.

இங்கே கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது. தென்கடல் கலங்கிக் கிடப்பதால் ஒரு வாரமாகக் குருசடைத் தீவுப் பக்கம் யாரும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்தது.

ஒன்று விட்டுப்போச்சு. நம்ம ஊர் பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாதாம், போஸ்ட்பெய்டுதான் எடுக்குமாம். இந்த வாரமே மாற்றிவிடு. மலைக்குள் போனபின் அதுவும் எடுக்காது என்று அப்பாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நடை முடிகிற நாரநாக்கில் இறங்கியதும் முதலில் அவருக்குக் கூப்பிடு, எனக்கு அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அம்மா