மூன்று வால் கப்பலுக்குள் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு ஓர் உதவி வேண்டும், அதுவும் உங்கள் பத்திரிகையைப் படிக்கும் பெரியவர்களிடமிருந்து. அதனால்தான் சுங்கை சிப்புட்டிலிருந்து இந்தக் கடிதம்.

நான்கு வருடமாக வீட்டுப் பின்கட்டில் ஒரு விமானத்தின் சிறிய உருவத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். டுவின் பயனியர். 1958-இல் நம் மலாயா விமானப்படை தொடங்கியபோது முதன்முதலாக வந்து சேர்ந்த விமானம் அதுதான், அப்போதைய பிரதமர் துங்கு அதற்கு லாங் ராஜாவாலி என்று பெயர் வைத்தார். ஸ்காட்லாந்தில் செய்தது. மேலே தூக்கி வைத்த இறக்கை, இரண்டு இன்ஜின், பின்னால் மூன்று வால். காட்டுக்குள்ளே இருந்த போலீஸ் கோட்டைகளுக்குச் சாமான் கொண்டுபோகிற வேலைக்கு அது பொருத்தமான விமானம், சின்னத் திடலிலும் இறங்கி ஏறிவிடும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பா அதை 'மூணு வால் கப்பல்' என்றுதான் சொல்வார். சக்கரத்தை உள்ளே மடக்காமல் காலைத் தொங்கவிட்டுக்கொண்டே போகும், பால் பிடிக்கிற கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அது மலைக்குப் பின்னால் மறையும்வரை பார்ப்போம் என்பார். எனக்கு அந்த விமானத்தின் மேல் ஆசை வந்தது அப்படித்தான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இது எந்தக் கடையில் வாங்கியது, எத்தனை வெள்ளி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெட்டியில் பாகங்களோடு வருகிற மாதிரி விமானம் இல்லை இது. இந்த அளவில் இந்த விமானத்தை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை, அதனால் முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் என்று மூன்று வரைபடத்தை எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, ஒவ்வொரு துண்டையும் நானே வெட்டுகிறேன். அசலில் பத்தில் ஒரு பங்கு. அசல் இறக்கை முனைக்கு முனை 23.3 மீட்டர், என்னுடையது 2.33 மீட்டர். நீளம் 1.38 மீட்டர். இறக்கையை மூன்றாகக் கழற்றினால்தான் கதவு வழியாக வெளியே எடுக்க முடியும்.

எலும்புக்கூடு பிளைவுட், அதன்மேல் பால்சா என்கிற லேசான மரம். விமானி அறையின் கண்ணாடிக்கு அச்சு மட்டும் நம் ஊர் ஜெலுத்தோங் மரத்தில் செதுக்கினேன், அது நார் பிரியாமல் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், பால்சாவில் அந்தக் கூர்மை வராது. அச்சின்மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை இழுத்து மூடினால் கண்ணாடி ரெடி. ஐந்தாவது தடவைதான் சுருக்கம் இல்லாமல் வந்தது.

தோல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உங்கள் தொழிலும் இருக்கிறது. ஆப்செட் அச்சகங்களில் ஒரு தடவை அச்சடித்ததும் கழித்துப்போடும் அலுமினியத் தகடுதான் என் விமானத்தின் தோல். ஈப்போவில் ஓர் அச்சகத்தில் கேட்டேன், கட்டாகக் கொடுத்தார்கள். தகட்டின்மேல் சோப்பைத் தடவி, அடியில் நெருப்பைக் காட்டினால் சோப்பு கறுப்பாகும், அந்த நொடியில் நெருப்பை எடுத்துவிட வேண்டும். அப்புறம் தகடு துணி மாதிரி வளைகிறது. ரிவெட்டுக்குத் தையல்காரர்கள் துணியில் கோடு இழுக்கும் பல்சக்கரத்தைத் தகட்டின் பின்பக்கம் உருட்டுகிறேன், முன்பக்கம் வரிசையாகப் புள்ளி எழும்பும். தனித்தனியாக நிற்கிற ரிவெட்டுக்கு ஊசிமுனையால் ஒரு துளி வெள்ளைப் பசை, காய்ந்ததும் அரை மில்லிமீட்டருக்கு ஒரு குமிழ். இடது இறக்கையின் உள்பக்கத்தில் யாருடையதோ கல்யாணப் பத்திரிகை இருக்கிறது, மணமக்கள் பெயரோடு. ஆப்செட் தகட்டில் எழுத்து தலைகீழாக இருக்காது, நேராகவே படிக்கலாம். அதை அழிக்க மனமில்லாமல் அப்படியே ஒட்டிவிட்டேன்.

இன்ஜின் ஆல்விஸ் லியோனைடிஸ். வட்டமாக ஒன்பது சிலிண்டர், இரண்டு இன்ஜினுக்குப் பதினெட்டு. ஒவ்வொன்றிலும் காற்றில் குளிர்வதற்கான வரிவரியான விளிம்புகள் உண்டு, அதற்கு மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன், பதினொன்று முடிந்தது. மழைக்காலத்தில் பெயின்ட் வேலையைத் தொடவே மாட்டேன். ஈரக்காற்றில் டோப் என்கிற வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், எல்லாவற்றையும் சுரண்டி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த விமானத்தின் இறக்கையைக் கீழேயிருந்து தாங்கும் ஒரு தண்டு உண்டு. 1957 டிசம்பரில் லிபியாவில் ஒரு டுவின் பயனியர் விழுந்ததற்குக் காரணம் அந்தத் தண்டில் உலோகம் சோர்ந்து விட்ட வெடிப்பு. அதில் இறந்தவர்களில் ஒருவர் டேவிட் மெக்கின்டயர், அந்த விமானத்தைச் செய்த கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1933-இல் எவரெஸ்டுக்கு மேல் விமானம் ஓட்டியவர். மறு வருடமே நம் நாட்டுக்கு அந்த விமானம் வந்தது. இதைப் படித்தபிறகு அந்தத் தண்டை ஏதோ ஒரு குச்சி மாதிரி செருகிவிட்டுப் போக எனக்குக் கை வரவில்லை. அது இறக்கையோடு சேரும் இடத்தில் எத்தனை போல்ட், மூடித் தகடு எப்படி, எல்லாம் நம் விமானத்தில் இருந்தபடியே வேண்டும். சுங்கை பீசி விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு டுவின் பயனியரைக் கிட்டே நின்று பார்த்து வெளிப்பக்கத்தைப் படம் எடுத்திருக்கிறேன். ஆனால் பல வருடம் வெயிலிலும் மழையிலும் நின்று திரும்பத் திரும்பப் பெயின்ட் அடித்த விமானத்தில், பறந்துகொண்டிருந்த காலத்து நிறத்தையும் தேய்மானத்தையும் பார்க்க முடியாது.

அந்த நினைவு இருப்பது உங்களிடம்தான். விமானப்படையில் மெக்கானிக்காக, ஸ்டோரில், சமையலில், காவலில் வேலை பார்த்த நம் ஆட்கள் இருக்கிறீர்கள். உள்சுவர் என்ன பச்சை? ஆட்கள் உட்கார்ந்தது கித்தான் இருக்கையா, குஷனா? கதவுப் பிடியைத் திருப்புவதா இழுப்பதா? தரையில் எந்த இடம் முதலில் தேய்ந்தது? இன்ஜின் எண்ணெய் எந்தப் பக்கம் வழியும்? புத்தகத்தில் இதெல்லாம் எழுத மாட்டார்கள், கையால் தொட்டவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்து தாமான் குடியிருப்புக்குப் போகும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய ஆல்பம்தான். எங்கள் ஊரில் விமானப்படையில் இருந்த ஒருவர் இறந்தபிறகு அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஒரு பெட்டி நிறையப் படம் இருந்ததாம், கரையான் அரித்துவிட்டது என்று போன மாதம்தான் எரித்தார்களாம். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அதைக் கேட்டு ஒருவன் வருவான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே உங்கள் அப்பாவோ தாத்தாவோ சீருடையில் ஒரு விமானத்தின் முன்னால் நிற்கும் படம் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எரிக்காதீர்கள். ஆளுக்குப் பின்னால் தெரிகிற மூலை, பாதி சக்கரம், திறந்த கதவு, அதுகூட எனக்குப் போதும். படத்தைக் கொடுக்கவும் வேண்டாம், போனில் ஒரு படம் எடுத்து, பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுத்துப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், ஆசிரியர் எனக்குச் சேர்ப்பிப்பார் என்று நம்புகிறேன். பேச முடிகிற பெரியவர் என்றால் பேராக்கில் எங்கே இருந்தாலும் நானே வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

விமானத்தின் வலது பக்கத்தை இன்னும் மூடவில்லை. மூடிவிட்டால் உள்ளே கை போகாது. தீபாவளி வரைக்கும் திறந்தே வைத்திருப்பேன்.

ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்