அனீட்டா கடைக்குள் வரும் காட்சியை வெட்டவேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பி,

நீர் அனுப்பிய "வெஸ்ட் சைட் ஸ்டோரி" நாடகப் பிரதியை முழுதாக வாசித்துவிட்டேன். பாடல்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சியின் மேல் குறுக்குக் கோடு போட்டு, "இது வேண்டாம், குடும்பங்கள் வந்து பார்க்கும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். திருகோணமலையில் நாடகம் போடும் மற்றப் பிள்ளைகளும் இதே தயக்கத்தோடு என்னிடம் வருகிறார்கள். அதனால் உமது சம்மதத்தோடு எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

நாடகத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "வெஸ்ட் சைட் ஸ்டோரி" 1957 செப்டெம்பர் 26 அன்று நியூயோர்க்கின் வின்டர் கார்டன் அரங்கில் மேடையேறியது. நெறியாள்கையும் நடன அமைப்பும் ஜெரோம் ராபின்ஸ், இசை லியோனார்ட் பேர்ன்ஸ்டைன், பிரதி ஆர்தர் லோரன்ட்ஸ், பாடல்கள் ஸ்டீபன் சொண்டைம். ரோமியோ ஜூலியட் கதையை நியூயோர்க் தெருவுக்கு இறக்கினார்கள். ஒரு பக்கம் ஜெட்ஸ் என்ற கும்பல். போலந்து, அயர்லாந்து, இத்தாலி என்று எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். மறுபக்கம் ஷார்க்ஸ், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து புதிதாக வந்தவர்கள். முன்பு ஜெட்ஸில் இருந்த டோனியும், ஷார்க்ஸ் தலைவன் பெர்னார்டோவின் தங்கை மரியாவும் காதலிக்கிறார்கள். பெர்னார்டோவின் காதலிதான் அனீட்டா. மரியாவுக்கு மாப்பிள்ளையாகப் பேசியிருந்தவன் சீனோ. இரண்டே நாளில் மூன்று இளைஞர்கள் செத்துவிடுகிறார்கள்.

நீர் கோடு போட்ட காட்சிக்கு முன்னால் அனீட்டாவின் நிலை என்ன என்பதை ஒருமுறை நினைத்துப் பாரும். அன்று மாலைதான் டோனியின் கையால் பெர்னார்டோ செத்திருக்கிறான். அந்தத் துக்கத்தோடு மரியாவின் அறைக்கு வந்தால், அங்கிருந்து டோனி இப்போதுதான் போயிருக்கிறான் என்று தெரிகிறது. ஆத்திரத்தில் பாடுகிறாள். மரியா பதில் பாடுகிறாள். பாட்டு முடியும்போது அனீட்டாவின் மனம் இளகிவிடுகிறது. பொலிஸ்காரர் மரியாவை விசாரிக்க வந்துவிட்டதால், மரியாவுக்காக இவள் போகவேண்டியிருக்கிறது: "தாமதமாகிறது, எனக்காகக் காத்திரு" என்று டோனியிடம் சொல்ல. நம் அகப்பாடல்களில் தோழி எத்தனையோ தூது போயிருக்கிறாள். தன் ஆளைக் கொன்றவனிடமே தூது போகும் பாரம் எந்தத் தோழிக்கும் வந்ததில்லை.

டோனி ஒளிந்திருப்பது டொக் என்பவரின் மருந்துக்கடைக்குக் கீழே உள்ள நிலவறையில். அனீட்டா சால்வையோடு கடைக்குள் வருகிறாள். டொக்கைப் பார்க்கவேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்கிறாள். ஜெட்ஸ் இளைஞர்கள் வழிமறிக்கிறார்கள். முதலில் பகிடி. பிறகு அவளுடைய நிறத்தைப் பற்றி ஒரு சொல், அவளுடைய பேச்சைப் பற்றி ஒரு சொல். பிறகு கைகள். டொக் வந்து தடுத்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதைப் பிரதி நம் ஊகத்துக்கு விடவில்லை. அந்த நேரத்தில்தான் அவள், பெர்னார்டோ இவர்களைப் பற்றிச் சொன்னது சரி என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த செய்தியை விழுங்கிவிட்டு, ஒரு பொய்யைத் துப்புகிறாள்: சீனோ மரியாவைச் சுட்டுக் கொன்றுவிட்டான் என்று டோனியிடம் சொல்லுங்கள். அதைக் கேட்ட டோனி, என்னையும் சுடு என்று சீனோவைத் தேடித் தெருவுக்கு ஓடுகிறான். மரியாவை உயிரோடு கண்ட கணத்தில் சீனோவின் குண்டு பாய்கிறது.

உமது திருத்தத்தில் அனீட்டா வரும்போது கடை பூட்டிக் கிடக்கிறது. செய்தி போய்ச் சேரவில்லை. டோனி சாகிறான். தம்பி, அப்படிப் போட்டால் நம் சபையோர் "எல்லாம் விதி" என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லாத சாவாக அது ஆகிவிடும்.

ஷேக்ஸ்பியரில் அது விதிதான். ரோமியோவுக்குப் போகவேண்டிய கடிதத்தைக் கொண்டு புறப்பட்ட துறவி, கொள்ளைநோய் இருப்பதாகச் சந்தேகித்த ஒரு வீட்டில் அடைக்கப்பட்டுவிடுகிறார். கடிதம் போகவில்லை. லோரன்ட்ஸ் அந்த இடத்தில் கொள்ளைநோயை எடுத்துவிட்டு ஒரு மருந்துக்கடையையும் சில இளைஞர்களையும் வைத்தார். 350 ஆண்டுப் பழைய கதைக்கு அவர் கொடுத்த மிகப் பெரிய திருத்தம் அதுதான் என்பது என் எண்ணம். செய்தியைத் தடுத்தது நோயல்ல, பூட்டுமல்ல. அந்தக் கடையில் நின்றவர்கள் தடுத்தார்கள். அவர்கள் வழிவிட்டிருந்தால் டோனி பிழைத்திருப்பான். அவனுடைய சொந்தச் சிநேகிதர்களே அவனைச் சாகடித்தார்கள், அதுவும் அவன்மீது ஒரு கோபமும் இல்லாமல், அவளுடைய நிறத்தையும் பேச்சையும் வைத்து. நீர் வெட்டியது ஒரு பக்கமல்ல, நாடகத்தின் முதுகெலும்பு.

இன்னொன்றையும் பாரும். மேடைப் பிரதியில் அமெரிக்காவைப் புகழ்ந்து பாடுகிறவள் இதே அனீட்டாதான். ஷார்க்ஸ் பக்கத்துப் பெண் ரொசாலியா தன் தீவை நினைத்து ஏங்கும்போது, போதும் உன் ஏக்கம் என்று கேலி செய்து, புதிய நாட்டின் பக்கம் நின்று ஆடுகிறவள். வந்த இடத்தை முழு மனதோடு நம்பியவளைத்தான் அந்தக் கடை உடைக்கிறது. முதற்பாகத்தில் அந்தப் பாட்டை எவ்வளவு குதூகலமாகப் போடுகிறீரோ, அந்த அளவுக்கு இரண்டாம் பாகம் சபையைச் சுடும்.

அந்தப் பாட்டின் தாளத்துக்கு மத்தளம் வாசிக்கும் பிள்ளை திணறுவதாக எழுதியிருந்தீர். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆறு அட்சரம். ஒருமுறை மும்மூன்றாகவும் மறுமுறை இரண்டிரண்டாகவும் பிரிகிறது. "தகிட தகிட, தக தக தக" என்று வாயால் சொல்லிக் கைதட்டச் சொல்லும். வடமோடிக் கூத்துக்கு ஆடிய கால்களுக்கு அது வெகு சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

குடும்பங்கள் வந்து பார்க்குமே என்ற உமது கவலையை நான் தட்டிக்கழிக்கவில்லை. அனீட்டாவாக நடிக்கும் பிள்ளையின் தாய் வந்து பேசியதையும் எழுதியிருந்தீர். அவர் சொல்வது நியாயமான பேச்சு. ஆனால் கிண்ணியாவிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ பஸ்ஸில் டவுனுக்கு வந்துபோகும் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் காட்சியை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. வழிவிடாமல் நிற்கும் தோள்கள், சுற்றி நின்று சிரிக்கும் வாய்கள், யார் முதலில் கை வைத்தது என்று சொல்லமுடியாத நெரிசல் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரியாததுபோல நாங்கள்தான் மேடையில் நடித்துக்கொண்டிருக்கிறோம்.

ராபின்ஸ் இதை இசையோடு கூடிய அசைவாகத்தான் அமைத்தார். நமக்கு அதைவிட நெருக்கமான வழி ஒன்று இருக்கிறது. கூத்தாடும் வட்டக்களரியில் ஆட்டக்காரர் வட்டமாகச் சுற்றி ஆடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர் நீர். அதே வட்டத்தை இங்கே வையும். அனீட்டா நடுவில். இளைஞர்கள் சுற்றுகிறார்கள், மத்தளம் மட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டம் ஓர் அடி சுருங்கட்டும். யாரும் அவளைத் தொடவேண்டாம். அவளுடைய சால்வையை மட்டும் ஒருவன் இழுத்தெடுத்து அடுத்தவனிடம் வீசட்டும், அவன் இன்னொருவனிடம். சால்வை கைமாறும்போது அவள் அதைப் பார்க்கக்கூடாது, ஓரிடத்தில் நிலையாக நின்று டொக் வரவேண்டிய வாசலையே பார்க்கவேண்டும். டொக் வந்ததும் மத்தளம் அறுந்துபோகட்டும். அந்த வெறுமையில் அவள் பொய்யைச் சொல்லட்டும். கூத்தில் போரையும் சாவையும் இரத்தம் காட்டாமல் ஆட்டத்தாலேயே காட்டிய மரபு நமது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை நவீன அரங்குக்குக் கொண்டுவந்தபோது, அந்த வலிமையை நாடு முழுவதும் கண்டது.

வட்டம் எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கவேண்டும், நீர் அல்ல. அவள் கையை உயர்த்தினால் ஒத்திகை அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். சுற்றி ஆடும் இளைஞர்களுக்கும் இது எளிதான வேலையல்ல. ஆடி முடித்ததும் அவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர், இருந்து கதையும்.

ராபின்ஸ் ஒத்திகைக் காலத்தில் இரண்டு கும்பலாக நடித்தவர்களையும் மேடைக்கு வெளியிலும் பிரித்தே வைத்திருந்தாராம், பகை உண்மையாகத் தெரியட்டும் என்று. அதைப் பின்பற்றப்போவதாக எழுதியிருந்தீர். வேண்டாம். இந்த நாட்டில் பள்ளிக்கூடமே மொழிக்கொன்று, மதத்துக்கொன்று என்று பிரிந்திருக்கிறது. உமது குழுவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதே பெரும்பாடுபட்டுச் சேர்த்தது. பிரிந்திருப்பது எப்படி என்று இவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவேண்டியதில்லை. தேநீரை ஒன்றாகவே குடிக்கட்டும்.

கதையைத் திருகோணமலைக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர். நியூயோர்க்கிலேயே இருக்கட்டும் என்பேன். இங்கே வைத்தால் எந்தப் பக்கத்துக்கு எத்தனை வசனம், எந்தப் பக்கத்தில் எத்தனை சாவு என்று சபை கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்நியப் பெயர்கள் இருந்தால் மனிதர்களைப் பார்ப்பார்கள். பார்த்த பிறகு வீட்டுக்குப் போகும் வழியில் அவரவர் ஊரை அவரவர் நினைத்துக்கொள்வார்கள்.

நினைத்துக்கொள்ள நமக்கு நிறையவே இருக்கிறது. புவேர்ட்டோ ரிக்கோ 1898இல் அமெரிக்காவின் கைக்குப் போனது. அத்தீவு மக்களுக்கு 1917இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அப்படியானால் பெர்னார்டோவும் அனீட்டாவும் சட்டப்படி அந்நியரே அல்ல, ஒரே நாட்டின் குடிமக்கள். குடியுரிமை கையிலிருந்தும் தெருவில் அவர்கள் வந்தான் வரத்தான்தான். இதை வாசிக்கும்போது எனக்கு மலையகத் தமிழர் நினைவுதான் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவரானவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு அவர்களில் பல குடும்பங்கள் வன்னிக்கும் நம் மாவட்டத்துக்கும் வந்து குடியேறின. ஒரே மொழி, ஒரே கோயில். ஆனாலும் "தோட்டக்காட்டார்" என்று அவர்களை ஒதுக்கியவர்கள் தமிழ் பேசுகிறவர்கள்தான். பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வி, எந்த ஊர் என்பதுதான். அந்த நாடகத்தை எழுதிய நால்வரும் யூதர்கள். ராபின்சின் தந்தையும் பேர்ன்ஸ்டைனின் பெற்றோரும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறியவர்கள். 1949இல் முதன்முதலில் யோசித்தபோது யூதர்–கத்தோலிக்கர் காதலாகத்தான் திட்டமிட்டார்கள். ஆனால் நால்வரில் ஒருவர்கூடப் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் இல்லை. அந்தக் குறை நாடகத்தில் தெரிகிறது. ஷார்க்ஸ் பக்கத்து இளைஞர்களுக்கு ஜெட்ஸ் அளவுக்குப் பாட்டுமில்லை, பேச்சுமில்லை. அப்படியிருக்க, அந்தப் பக்கத்திலிருந்து முழு மனிதராக எழுந்து நிற்கும் அனீட்டாவின் மிக முக்கியமான காட்சியை நாமும் எடுத்துவிட்டால் அந்தச் சனத்துக்கு என்ன மிஞ்சும்?

உரிமை விடயத்தை மறந்துவிடாதீர். மொழிபெயர்த்து மேடையேற்றுவதற்கும் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். விளம்பரம் ஒட்டுவதற்கு முன் அதைப் பெற்றுவிடும்.

முடிவில் மரியாவைச் சாகவிடாமல் மூலத்தில் உள்ளபடியே வைத்தது சரி. துப்பாக்கியை வாங்கி எல்லோரையும் நோக்கி நீட்டுகிறவள், ஒருவரையும் சுடாமல் விடுகிறாள். அதன் பிறகு இரு பக்கத்து இளைஞர்களும் சேர்ந்துதான் டோனியைத் தூக்கிப் போகவேண்டும். உமது பிரதியில் ஜெட்ஸ் மட்டும் தூக்குவதாக இருக்கிறது, அதைத் திருத்தும்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையின் தாயையும் வரச்சொல்லும். வட்டத்தை அவருக்கு முன்னாலேயே ஆடிக் காட்டுவோம். அவர் வேண்டாமென்றால் ஏன் என்று கேட்போம். சால்வையை நான் கொண்டுவருகிறேன். மெல்லிய துணி சரிவராது, வீசினால் பறந்துபோகும். கொஞ்சம் பாரமான பருத்தியாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா